தராஸ் என்று கூப்பிட்டால்

இங்கே என்னைத் தராஸ் என்று கூப்பிடுகிறார்கள். எனக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சவரிமுத்து. ரேஷன் கார்டிலும் பாஸ்போர்ட்டிலும் அதுதான் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆவூருக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. ஆனால் கிழக்குப் போலந்தின் இந்தச் சின்ன ஊரில், ஆப்பிள் கிடங்கின் அந்தக் கோடியிலிருந்து மேஸ்திரி மாரெக் காலை ஆறு மணிக்குத் தராஸ் என்று சத்தம் போட்டால் திரும்ப வேண்டியவன் நான்தான். வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு நீலக் குளிர்கோட்டைக் கொடுத்தார்கள். அதன் நெஞ்சுப் பக்கம் வெள்ளை நூலில் அந்தப் பெயர் தைத்திருந்தது. துணிமணி வைக்கிற இரும்பு அலமாரியின் கதவிலும் அதே பெயர்தான், கூடவே கோவல் என்று ஒரு குடும்பப் பெயர். முதல் வாரம் முழுக்க அதைக் கோட்டு தைத்த கம்பெனியின் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சவரிமுத்து என்று சொல்லிப் பார்த்து நாக்கு சுளுக்கியவர்கள், நெஞ்சில் இருப்பதை வாசித்துவிடுவது சுலபம் என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்கும் அது பெரிதாகப் படவில்லை. துபாய்க்குப் போன என் சித்தப்பா மகன் அமலதாஸை ஏழு வருடம் ராஜு என்றே கூப்பிட்டார்களாம். அவன் அதற்காக ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

ஆப்பிள் எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வாங்குகிற பழம். யார் கையிலாவது ஒரு பை ஆப்பிள் தொங்கினால் யாருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் கேட்போம். இங்கே அது மலையாகக் கொட்டிக் கிடக்கிறது. நீளமான தண்ணீர்த் தொட்டியில் மிதந்து வந்து பெல்ட்டில் ஏறும். பெண்கள் இரண்டு பக்கமும் நின்று அடிபட்டதைப் பொறுக்கி எடுத்துவிடுவார்கள். நல்லது மரப்பெட்டிகளில் இறங்கும். அந்தப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் குளிர் அறைக்குள் அடுக்குவது என் வேலை. கீரனூரில் கடலை மில்லில் மூட்டை தூக்கிய உடம்பு இது, சுமை ஒன்றும் செய்யவில்லை. குளிர்தான் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தக் கோட்டு மட்டும் இல்லாவிட்டால் முதல் மாதமே ஊருக்கு ஓடி வந்திருப்பேன்.

பெல்ட்டில் நிற்கிற பெண்களில் ஒருத்தி ஒக்ஸானா. உக்ரைன்காரி, பத்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். நான் சேர்ந்த நாளிலிருந்தே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் டீ இடைவேளையில் நேரே வந்து கோட்டைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினாள். வலப் பக்கப் பை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஊசியும் நூலும் கையோடு கொண்டுவந்திருந்தாள். நின்றபடியே நெருக்கமாக நாலு வரிசை தையல் போட்டு, பல்லால் நூலைக் கடித்துத் துண்டித்து என்னிடம் நீட்டினாள். நான் உருகிப்போய்விட்டேன். மறுநாள் என் டப்பாவிலிருந்த எலுமிச்சைச் சோற்றில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன். காரத்தில் கண் கலங்க இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நன்றி சொன்னாள். கண்காணாத ஊரில் எனக்கு ஒரு தங்கச்சி கிடைத்துவிட்டாள் என்று என் மனைவி ஜெசிந்தாவிடம் போனில் பெருமையடித்துக்கொண்டேன். தராஸ் என்பவன் ஒக்ஸானாவின் கணவன் என்பதை மாரெக் அதற்கு அப்புறம்தான் சொன்னான். அவள் தைத்தது எனக்காக இல்லை. புருஷன் திரும்பி வந்து போடும்போது கோட்டு கிழியாமல் இருக்க வேண்டும் என்று தைத்திருக்கிறாள்.

தராஸ் இந்தக் கிடங்கில் ஆறு வருடம் என் வேலையைத்தான் பார்த்திருக்கிறான். சரியாகச் சொன்னால் நான் அவன் வேலையைப் பார்க்கிறேன். போர் தொடங்கிய குளிர்காலத்தில், அம்மா வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று பத்து நாள் விடுப்பில் ஊருக்குப் போனான். அவன் கூரைமேல் ஏறி நின்ற வாரத்தில்தான் ரஷ்யப் படை உள்ளே வந்தது. பெண்களும் பிள்ளைகளும் எல்லை தாண்டலாம், சண்டை போடுகிற வயதுள்ள ஆண்கள் தாண்டக்கூடாது என்று அந்த நாடு உத்தரவு போட்டது. ஊரிலிருந்த மனைவியையும் மகளையும் போலந்து எல்லை வரைக்கும் கூட்டி வந்து இந்தப் பக்கம் அனுப்பிவிட்டு அவன் அந்தப் பக்கமே நின்றுவிட்டான். கொஞ்ச நாளில் பட்டாளத்துக்குக் கூப்பிட்டார்கள். கிடங்கு முதலாளி நல்ல மனிதர். தராஸ் வரும்வரை அவன் இடத்தை வைத்திருப்பேன் என்று ஒக்ஸானாவிடம் சொல்லியிருந்தார். அதனால்தான் என்னை ஆறாறு மாதத்துக்கு எடுத்தார்கள். அவன் வந்தால் நான் கிளம்ப வேண்டும். விசாவும் அந்த வேலையோடு சேர்த்துக் கட்டியது. யாருடைய இடம் என்று தெரியாவிட்டாலும், வேலை நிரந்தரமில்லை என்பது தெரிந்துதான் நான் விமானம் ஏறினேன்.

சாப்பாட்டு அறையில் இந்தப் போர் ஏன் வந்தது என்று தினமும் விசாரணை நடக்கும். ஒருவர், மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணி ரஷ்யாவின் வாசல் வரைக்கும் வந்துவிட்டது, அதனால்தான் என்பார். இன்னொருவர், உக்ரைன் ஒரு தனி நாடு, அதன் ஜனங்கள் தனி ஜனங்கள் என்பதையே அவர்கள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை என்பார். மாரெக்குக்குக் கோதுமை நிலமும் எரிவாயுக் குழாயும்தான் காரணம். முன்பெல்லாம் இந்த ஊர் ஆப்பிள் லாரி லாரியாக ரஷ்யாவுக்குத்தான் போகுமாம். இந்தப் பெரிய போருக்குச் சில வருடங்களுக்கு முன்பே, ரஷ்யாவும் உக்ரைனும் முதல் தடவை மோதிக்கொண்டபோதே, அந்த வாசல் அடைபட்டது என்று வயிறெரிவான். ஒக்ஸானா ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள். அவர்கள் வந்தார்கள், அவ்வளவுதான் என்றாள். எனக்கு உலக அரசியல் தெரியாது, வரப்புச் சண்டை தெரியும். எங்கள் பக்கம் இரண்டு பங்காளிகள் அடித்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், தாத்தா காலத்து அளவிலிருந்து கதை ஆரம்பிப்பார்கள். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு அடுத்தவன் வயலுக்குள் இறங்கியது யார் என்று கேட்பார். பழங்கதையில் நியாயம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இறங்கியவன் இறங்கியவன்தான் என்பது என் கட்சி.

போர் நடக்கிற இடம் இங்கிருந்து பக்கம், எங்கள் ஊரிலிருந்து தூரம். ஆனாலும் அது கீரனூர் மளிகைக் கடைக்குள் வந்துவிட்டது. சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறிவிட்டது என்று ஜெசிந்தா சொன்னாள், யூரியாவுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது என்றாள். உக்ரைனில் டாக்டருக்குப் படிக்கப் போன எங்கள் டீச்சர் மகள் பாதிப் படிப்போடு வீடு வந்து சேர்ந்தாள். இதையெல்லாம் கஷ்டக் கணக்கில் சொல்கிறோம். எனக்குக் கிடைத்த வேலையை எந்தக் கணக்கில் சொல்வது? அந்த நாட்டு ஆண்கள் துப்பாக்கி தூக்கப் போனதால் காலியான இடங்களில்தான் எங்களைப்போலத் தூரதேசத்து ஆட்கள் வந்து நின்றோம். போரினால் சாப்பிடுகிற வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அதை முதலில் வாய்விட்டுச் சொன்னவள் ஜெசிந்தாதான்.

"சண்ட நின்னுட்டா ஒங்க வேல போயிருமாங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

போகலாம் என்றேன்.  எங்கள் வீட்டில் சாயங்கால ஜெபமாலைக்கு முன்னால் இன்னதற்காக வேண்டுகிறோம் என்று ஆளுக்கொரு கருத்து சொல்வது வழக்கம். போர் நிற்க வேண்டும் என்பது மகளின் கருத்து, டிவி பார்த்து அவளாகவே சேர்த்துக்கொண்டது. நான் இங்கே வந்த இரண்டாவது வருடம், அந்தக் கருத்தை இப்போது சொல்வதில்லை என்று ஜெசிந்தா ஒப்புக்கொண்டாள். மகள் மறந்துவிட்டாளாம், இவளும் ஞாபகப்படுத்தவில்லையாம். நான் அவளைக் கண்டிக்கவில்லை. எனக்கும் அது நிம்மதியாகவே இருந்தது.

அந்த இரண்டாவது வருடக் குளிர்காலத்தில் ஒக்ஸானாவுக்கு ஒரு காகிதம் வந்தது. சண்டை நடந்த ஒரு கிராமத்திலிருந்து தராஸைக் காணவில்லை என்று எழுதியிருந்தது. மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நாலாம் நாள் வந்து பெல்ட்டில் நின்று, எப்போதும்போலப் பழம் பொறுக்கினாள். அதன்பிறகு கிட்டத்தட்ட ஒரு வருடத்துக்கு எந்தத் தகவலும் இல்லை. போன அக்டோபரில் மாரெக் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, தராஸ் இனி வரமாட்டான், புது வருடத்திலிருந்து இந்த இடம் நிரந்தரமாக உனக்குத்தான், காகிதம் தயாராகிறது என்றான். வரமாட்டான் என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. மாரெக்குக்கு எங்கிருந்தோ சேதி வந்துவிட்டது, ஒக்ஸானாவும் மனதுக்குள் ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. இன்று இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அன்றிலிருந்து அந்தக் கோட்டு எனக்குக் கனக்க ஆரம்பித்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் துணியை யாராவது உடுத்துவதானால், உடுத்துகிறவர் முதலில் அந்த ஆன்மாவுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும். அப்பா இறந்த வருடம் அவருடைய இரண்டு நல்ல சட்டைகள் என் அளவுக்கு இருந்தன. அம்மா அவற்றைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். நான் போய்ப் பங்குச் சாமியாரிடம் அப்பா பெயரைக் கொடுத்து, பூசை முடிந்து, தீர்த்தம் தெளித்த பிறகுதான் சாவி என் கைக்கு வந்தது. பூசை வைக்காமல் போட்டால், மோட்சத்துக்குப் போகுமுன் பாவம் தீரக் காத்திருக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் அந்த ஆன்மா குளிரில் நிற்கும் என்பார் அம்மா. எனக்குச் சின்ன வயதில் அது கதையாகத்தான் பட்டது. குளிர் அறைக்குள் நின்றுகொண்டு, தராஸின் கோட்டுக்குப் பொத்தான் போடும்போது அது கதையாகப் படவில்லை.

இங்கும் நவம்பரில் கல்லறைத் திருநாள் வருகிறது. எங்கள் ஊரில்போலவே கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். நம் பக்கம் வெயிலில் மெழுகு உருகி வழியும், இங்கே கண்ணாடிக் குடுவைக்குள் விறைத்து எரிகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுத்தால் அந்த மாதம் கோயிலில் வாசித்து மன்றாடுகிற வழக்கமும் அப்படியே இருந்தது. கோயில் பின்பக்க மேசையில் அதற்கான தாள்கள் அடுக்கியிருந்தன. பாஷை தெரியாத ஊரில் எனக்கு முழுதாகப் புரிந்த ஒரே காகிதம் அதுதான். பெரிய எழுத்தில் அப்பா பெயரைச் சின்னப்பன் என்று எழுதினேன், அவருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்த அம்மா பெயரை மதலேனம்மாள் என்று எழுதினேன். மூன்றாவதாக, அலமாரிக் கதவைப் பார்த்து மனப்பாடம் செய்திருந்ததை எழுதினேன். தராஸ் கோவல். தாளை உறையில் போட்டு ஒட்டிப் பெட்டியில் போட்டபோது பெரிய கடமை ஒன்றை முடித்ததுபோல இருந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் பட்டியலை வாசித்தார். ஒக்ஸானா எனக்கு நாலு வரிசை முன்னால் மகளோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சபைக் கோயில் இந்த ஊரில் இல்லாததால் இங்கேதான் வருவாள். சின்னப்பன் என்ற இடத்தில் சாமியார் தடுக்கினார். மதலேனம்மாளைப் பாதியோடு விட்டுவிட்டார். அடுத்த பெயர் அவருக்குச் சுலபமாக வந்தது. தெளிவாக, நிதானமாக, ஒலிபெருக்கியில் அதை வாசித்தார். கோயிலில் எல்லாத் தலையும் ஒக்ஸானா பக்கம் திரும்பியது. அவள் அசையவில்லை. மகள்தான் அம்மா முகத்தைப் பார்த்து, தாத்தோ என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். அவர்கள் பாஷையில் அப்பா என்று அர்த்தம். அந்தக் கேள்வி என் வரிசை வரைக்கும் கேட்டது.

அவள் எழுந்து பீடத்துக்குப் பின்னால் சாமியாரின் அறைக்குள் போனாள். அரசாங்கம் கோயிலுக்குச் சேதி அனுப்பியிருக்கிறது என்று நினைத்தாளாம். சாமியார் என் தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார். கோயில் முற்றத்தில் நான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன், ஆறுதல் சொல்ல இரண்டு வாக்கியம் கூட மனதுக்குள் தயார் செய்திருந்தேன். அவள் தாளை என் முகத்துக்கு நேரே பிடித்து, எனக்குப் புரிகிற எளிய போலந்து பாஷையில் கேட்டாள்.

"உனக்கு யார் சொன்னது?"

மாரெக் என்றேன். மாரெக்குக்கு யார் சொன்னது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மாரெக் தேவாலய வாசலிலேயே நின்றிருந்தான். அவனைக் கூப்பிட்டுக் கேட்டாள். யாரும் சொல்லவில்லை, இவ்வளவு காலம் ஆகிவிட்டதே என்று நினைத்தேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ஒக்ஸானா என் பக்கம் திரும்பினாள்.

"ராணுவம்கூடக் காணவில்லை என்றுதான் எழுதியது. செத்தான் என்று எழுதிய முதல் ஆள் நீ."

கோட்டையும் பூசையையும் பற்றிச் சொல்ல எனக்குப் பாஷை இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. அவள் அந்தத் தாளிலிருந்து மூன்றாவது வரியை மட்டும் கவனமாகக் கிழித்து எடுத்துக்கொண்டு, என் அப்பா அம்மா பெயரை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இது எனக்குத் தெரியாத விஷயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. கடலை மில்லில் என்னோடு வேலை பார்த்தவர் ரீத்தா அக்கா. மன்னார்ப் பக்கத்திலிருந்து இலங்கைப் போரில் தப்பி வந்து, புதுக்கோட்டைப் பக்கம் அகதிகள் முகாமில் இருந்தவர். இலங்கையில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிப்போன அவருடைய கணவர் திரும்பவே இல்லை. கல்லறைத் திருநாளுக்கு அவர் எங்கள் கோயிலுக்குத்தான் வருவார். அந்த நாட்களில் கோயில் காரியம் பார்க்கிற உபதேசியாருக்கு உதவியாகப் பெயர்ப் பட்டியல் எழுதுகிறவன் நான். அவர் தன் தாய் தகப்பன் பெயரைச் சொன்னார். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே, மாமா பெயரையும் சேர்க்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"அவர்ட பேர் வேண்டாம் தம்பி. நான் செத்த பிறகு என்ர பேரோட சேத்து எழுதுங்கோ" என்றார்.

பேனாவை மூடி வைத்துவிட்டேன். விளக்கம் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவு தெளிவாகப் புரிந்தது. அன்றைக்குப் புரிந்தது இங்கே ஏன் புரியவில்லை என்று அந்த நவம்பர் முழுக்க யோசித்தேன். ரீத்தா அக்காவின் கணவர் செத்திருந்தால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. தராஸ் செத்திருந்தால் எனக்கு வேலை நிரந்தரம். அவன் ஆன்மா இளைப்பாற வேண்டும் என்று எழுதியதாக நினைத்தேன். உண்மையில் அவன் இனி வரக்கூடாது என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதுவும் கடவுள் முன்னிலையில்.

ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  

"இன்னிக்கு ஜெபத்துல சண்ட நிக்கணும்னு நானே சொல்லிக்கிறேன். வேல போனா வேற பாத்துக்கலாம், வாங்க" என்றாள்.

அவள் பெரிய மனுஷி. நான் அந்த அளவுக்கு வளரவில்லை. டிசம்பர் கடைசியில் மாரெக் கொண்டுவந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். தராஸ் வந்தால் இடத்தைத் திருப்பித் தருவேன் என்று அதில் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று மட்டும் கேட்டேன். அப்படியெல்லாம் எழுத அலுவலகத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

செய்ய முடிந்த ஒன்றைச் செய்தேன். கோட்டின் நெஞ்சுப் பக்கம் பட்டையான ஒட்டுநாடா ஒட்டி, அதன்மேல் முத்து என்று ஆங்கில எழுத்தில் எழுதினேன். இனி அப்படிக் கூப்பிடுங்கள், இது சின்னப் பெயர், நாக்கு சுளுக்காது என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன். அவர்களுக்கும் உறுத்தல் இருந்திருக்கும், உடனே ஒத்துக்கொண்டார்கள். மூன்று நாள் கிடங்கில் முத்து, முத்து என்றே சத்தம் கேட்டது. இந்த நாட்டில் முதல் தடவையாக என் பெயர் என் காதில் விழுந்தது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் டீ இடைவேளையில் ஒக்ஸானா வந்தாள். கோயில் முற்றத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியதே இல்லை. என் நெஞ்சிலிருந்த ஒட்டுநாடாவை நகத்தால் கிளப்பி உரித்தாள். நூல் பிரியாமல் இருக்கிறதா என்று அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள். எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"வீட்டில் நான் இந்தப் பேரைச் சொன்னால் மகள் அழுகிறாள். இங்கே மட்டும்தான் நாளைக்கு இருபது தடவை கேட்கும். அதையும் எடுத்துவிடாதே. கூப்பிட்டால் நீ திரும்பு."

போன ஞாயிறு ஊர்க் கோயிலில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான மன்றாட்டில் என் பெயரை வாசித்தார்களாம். சவரிமுத்து என்று முழுதாக, ஒரு எழுத்து பிசகாமல் வாசித்தார்கள் என்று ஜெசிந்தா சொன்னாள். அங்கே அதைக் கேட்டுத் திரும்ப நான் இல்லை. இங்கே மறுநாள் காலை ஆறு மணிக்கு மாரெக் தராஸ் என்று கூப்பிட்டான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன். இத்தனை நாள் நான் கவனிக்காத ஒன்றை அப்போது பார்த்தேன். எனக்கு முன்பே பெல்ட்டிலிருந்து ஒக்ஸானாவின் தலை நிமிர்ந்து வாசல் பக்கம் திரும்பியிருந்தது. அங்கே யாரும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு அடிபட்ட ஆப்பிள்களைப் பொறுக்கக் குனிந்துகொண்டாள்.